ஜெனரேட்டர் ஓடினாலே முழு ப்ராஜெக்டும் மறுபடி கம்பைல் ஆகிறது: தவிர்ப்பது எப்படி?

நிரல்நேசன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் சி++ ப்ராஜெக்டில் மெசேஜ் வடிவங்கள் எல்லாம் ஒரே யாமல் ஃபைலில் (தரவை எழுதும் எளிய உரை வடிவம்) இருக்கின்றன. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் (இதுதான் ஜெனரேட்டர்) அதைப் படித்து மெசேஜ்.ஹெச் என்ற ஹெடர், மெசேஜ்.சிபிபி என இரண்டு ஃபைல்களை எழுதும். பில்டுக்கு குனூ மேக் (மாறியவற்றை மட்டும் மறுபடி கட்டும் கருவி). மெசேஜ்.ஹெச்-ஐ நேரடியாகவோ சுற்றிவளைத்தோ இன்க்ளூட் செய்யாத சோர்ஸ் ஃபைல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

யாமலில் கமெண்ட்டில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் போதும், மொத்தமும் மறுபடி கம்பைல் ஆகிறது. இன்னொரு பிராஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் இதே கதைதான். உருவான ஹெடரைத் திறந்து பார்த்தால் ஒரு ஸ்ட்ரக்ட்கூட மாறியிருக்காது. டீமில் பலர் யாமலில் கமெண்ட் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இதற்கு ஒழுங்கான வழி என்ன?

தொகுப்பி எழுதியது:

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மேக் பார்ப்பதில்லை. கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும்தான் பார்க்கும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதிய நாளிலிருந்து அப்படித்தான். உங்கள் ஸ்கிரிப்ட் அதே எழுத்துகளை அதே இடத்தில் திரும்ப எழுதினாலும் ஃபைலின் நேரம் புதிதாகிவிடும். ஹெடர் புதிது என்றால் அதை நம்பியிருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல் (சோர்ஸ் கம்பைல் ஆகி வருவது) எல்லாம் பழசு. பிராஞ்ச் மாறும்போது நடப்பதும் இதுதான். கிட் (கோடின் பதிப்புகளைக் காக்கும் கருவி) ஒரு ஃபைலை மாற்றி எழுதினால் அதற்கு அந்த நிமிடத்தின் நேரம்தான் கிடைக்கும்.

பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அது எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடட்டும். காரணமில்லாமல் ஹெடரைத் தொடாமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியது: ஸ்கிரிப்ட் முதலில் மெசேஜ்.ஹெச்.புதிது என்று பக்கத்திலேயே ஒரு ஃபைலில் எழுதட்டும். சிஎம்பி கட்டளையால் பழையதோடு ஒப்பிடுங்கள். பைட்டுக்கு பைட் ஒன்றாக இருந்தால் புதியதை அழித்துவிடுங்கள். வேறுபட்டால் எம்வி கட்டளையால் பழையதன் இடத்துக்கு நகர்த்துங்கள். புதிய ஃபைலை டெம்ப் டைரக்டரியில் வைக்காதீர்கள். அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருந்தால் எம்வி என்பது காப்பியாகிவிடும், பாதியில் நின்றால் அரைகுறை ஹெடர் மிஞ்சும்.

இது புது யோசனை இல்லை. ஆட்டோகான்ஃப் (பில்டுக்கு முன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உருவாக்கும் கருவி) பயன்படுத்தும் எதையாவது கான்ஃபிகர் செய்யும்போது "கான்ஃபிக்.ஹெச் மாறவில்லை" என்ற பொருளில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். ஜிசிசி கம்பைலரின் சோர்ஸில் மூவ்-இஃப்-சேஞ்ச் என்ற பெயரிலேயே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. எழுபது எண்பது ஜெனரேட்டர் இருக்கும் இடத்திலும் அடிப்படை இதுதான்.

நிரல்நேசன் எழுதியது:

நன்றி தொகுப்பி. செய்து பார்த்தேன், பாதி வேலை செய்கிறது. கமெண்ட்டைத் திருத்தினால் இப்போது மற்ற ஃபைல்கள் கம்பைல் ஆவதில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு முறை மேக் கொடுக்கும்போதும் ஜெனரேட்டர் ஓடுகிறது, நான் எதையும் தொடாவிட்டாலும். ஒரு முறை ஹெடர் உண்மையாகவே மாறும்வரை இது நிற்பதில்லை.

பழையமேக் எழுதியது:

யாமல் புதிது, ஹெடர் பழசு. ஒப்பிட்டு விட்டுவிட்டதால் ஹெடரின் நேரம் யாமலுக்குப் பின்தங்கியே நிற்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் மேக் "இதை மறுபடி உருவாக்க வேண்டும்" என்றுதான் நினைக்கும். "ஜெனரேட்டர் கடைசியாக எப்போது ஓடியது", "ஹெடர் கடைசியாக எப்போது மாறியது" இரண்டும் தனித்தனித் தகவல். ஒரே ஃபைலின் நேரத்தில் இரண்டையும் வைக்க முடியாது. அதற்குத்தான் ஸ்டாம்ப் ஃபைல், ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் குறிக்க மட்டுமே இருக்கும் வெற்று ஃபைல்.

விதியை இப்படி இரண்டாகப் பிரியுங்கள் (பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்):

மெசேஜ்.ஸ்டாம்ப் : மெசேஜ்.யாமல் ஜெனரேட்டர்.பிஒய்
    → ஜெனரேட்டரை ஓட்டு, மாறியிருந்தால் மட்டும் ஹெடரை மாற்று
    → மெசேஜ்.ஸ்டாம்ப்-ஐ டச் செய் (நேரத்தை மட்டும் புதிதாக்கு)

மெசேஜ்.ஹெச் மெசேஜ்.சிபிபி : மெசேஜ்.ஸ்டாம்ப் ;

இரண்டாவது விதியின் கடைசியில் இருக்கும் அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அதுதான் வெற்று ரெசிப்பி, அதாவது எதுவும் செய்யாத கட்டளைப் பகுதி. அது இருந்தால் குனூ மேக் ஸ்டாம்ப் வேலை முடிந்ததும் ஹெடரின் நேரத்தை டிஸ்கிலிருந்து மறுபடி படித்துப் பார்க்கும். பழைய நேரமே இருந்தால் மற்றவற்றைத் தொடாது. ரெசிப்பியே இல்லாத விதியை அது வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது: கட்டளை எதுவும் இல்லாத டார்கெட் (விதி உருவாக்க வேண்டிய ஃபைல்) என்றால் எப்போதும் புதிது என்று வைத்துக்கொண்டு கீழே இருக்கும் எல்லாவற்றையும் கம்பைல் செய்துவிடும். இந்த ஒரு எழுத்தைக் காணாமல் "ஸ்டாம்ப் முறை வேலை செய்யவில்லை" என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஓட்டை உண்டு. யாராவது மெசேஜ்.ஹெச்-ஐ மட்டும் அழித்துவிட்டால், ஸ்டாம்ப் புதிதாக இருப்பதால் ஜெனரேட்டர் ஓடாது, ஹெடரும் வராது. ஆட்டோமேக் (மேக்கின் விதிகளை எழுதித் தரும் கருவி) கையேடு இதற்குச் சொல்லும் வழி, வெற்று ரெசிப்பிக்குப் பதில் ஒரு சின்னச் சோதனை: ஹெடர் இருக்கிறதா பார், இல்லையென்றால் ஸ்டாம்பை அழித்துவிட்டு மேக்கை மறுபடி கூப்பிடு. இணை பில்ட் ஓடும்போது இரண்டு அவுட்புட்டுக்கும் அந்தச் சோதனை ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதால் அதற்கு ஒரு பூட்டும் தேவைப்படும்.

ஜெனரேட்டர்.பிஒய்-ஐயும் டிபென்டன்சியில் (டார்கெட் நம்பியிருக்கும் ஃபைல்கள்) சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அது இம்போர்ட் செய்யும் மாட்யூல்கள், டெம்ப்ளேட் ஃபைல்கள் எல்லாமும் அங்கே வர வேண்டும். தேவையில்லாத ரீபில்ட் நேரத்தைத்தான் தின்னும். தேவையான ரீபில்ட் நடக்காமல் போனால் பழைய ஸ்ட்ரக்ட் அமைப்போடு பாதி ஆப்ஜெக்ட், புதியதோடு பாதி என்று லிங்க் ஆகிவிடும். அந்தப் பிழையைத் தேடுவது நரகம்.

நிஞ்சாப்பக்கம் எழுதியது:

மேக் போன்ற இன்னொரு பில்ட் கருவியான நிஞ்சாவில் இதற்கு ஸ்டாம்ப் ஃபைலே வேண்டாம். விதியில் ரீஸ்டாட் என்பதை 1 என்று வைத்தால் போதும். கட்டளை முடிந்ததும் அவுட்புட்டின் நேரத்தை மறுபடி பார்க்கும். மாறவில்லை என்றால் அதை நம்பி வரிசையில் நின்ற வேலைகளை அந்த ஓட்டத்திலிருந்தே நீக்கிவிடும். அந்த விவரத்தைத் தன் லாக் ஃபைலிலும் குறித்துவைக்கும், அதனால் அடுத்த முறை ஜெனரேட்டரும் சும்மா ஓடாது. கட்டளை வரியே மாறினாலும் கண்டுபிடித்து ஓட்டும்.

சிமேக்கில் (மேக், நிஞ்சாவுக்கான பில்ட் ஃபைல்களை உருவாக்கும் கருவி) எழுதுகிறவர்களுக்கு: கான்ஃபிகர்_ஃபைல் கட்டளை உள்ளடக்கம் மாறினால் மட்டுமே எழுதும். ஃபைல்-இன் ஜெனரேட் வடிவமும் அப்படியே. ஆனால் ஃபைல்-இன் ரைட் வடிவம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும். ஹெடர் உருவாக்க அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கான்ஃபிகருக்கும் ஒரு முழு ரீபில்ட். கஸ்டம் கமாண்டில் ஸ்டாம்பை அவுட்புட்டாகவும் ஹெடரை பைப்ராடக்ட்ஸ் பகுதியிலும் கொடுங்கள். பைப்ராடக்ட்ஸ் 3.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. நேரம் புதிதாகலாம், ஆகாமலும் போகலாம் என்ற ஃபைல்களுக்காகவே வந்த வசதி அது.

நிரல்நேசன் எழுதியது:

பழையமேக் சொன்னபடி ஸ்டாம்ப் வைத்தேன், அரைப்புள்ளியோடு. ஜெனரேட்டர் சும்மா ஓடுவது நின்றுவிட்டது. ஆனால் இப்போது வேறு ஒன்று. சில நேரம் யாமலில் கமெண்ட் மட்டும் மாற்றினாலும் ஹெடர் மாறிவிடுகிறது. பழையதையும் புதியதையும் டிஃப் போட்டேன். முதல் வரியில் "இந்த நேரத்தில் உருவாக்கப்பட்டது" என்ற கமெண்ட், அதை எடுத்துவிட்டேன். இரண்டாவது வித்தியாசம்தான் புரியவில்லை: முன்னறிவிப்பு ஸ்ட்ரக்ட் பெயர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரிசையில் வருகின்றன. பெயர்கள் அதேதான்.

தொகுப்பி எழுதியது:

ஸ்கிரிப்டில் அந்தப் பெயர்களை ஒரு செட்-இல் (வரிசை இல்லாத தொகுப்பு) சேர்த்து, அதன் மேல் ஃபார் லூப் போட்டிருப்பீர்கள். பைத்தான் 3.3-லிருந்து சரங்களின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண், செட்டின் வரிசை அதைப் பொறுத்தது) ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறாகத்தான் இருக்கும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். டிக்ட் 3.7-லிருந்து சேர்த்த வரிசையை உறுதியாகக் காக்கும், செட் காக்காது. எழுதும் முன் சார்ட்டட் போட்டுவிடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில: டைரக்டரியைப் பட்டியலிடும்போது வரும் வரிசை, பல த்ரெட் ஒரே அவுட்புட்டில் எழுதுவது, கமெண்ட்டில் முழுப் பாதை, பயனர் பெயர், மெஷின் பெயர். ஜெனரேட்டரைத் தொடர்ந்து இரு முறை ஓட்டி இரண்டு அவுட்புட்டையும் சிஎம்பி-யால் ஒப்பிடும் ஒரு டெஸ்டை சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் அமைப்பு) போட்டுவிடுங்கள். யாராவது பின்னாளில் ஒரு செட்டை நுழைத்தால் அன்றே தெரிந்துவிடும்.

பைசன் (கிராமர் ஃபைலிலிருந்து பார்ஸர் கோடை எழுதும் ஜெனரேட்டர்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிராமர் ஃபைலில் ஒரு விதியின் ஆக்‌ஷனை மட்டும் மாற்றினால் .சி ஃபைல்தான் மாற வேண்டும். டோக்கன் பட்டியல் இருக்கும் ஹெடர் அப்படியே இருக்கும். ஆட்டோமேக்கின் ஒய்எல்ராப் ஸ்கிரிப்ட் ஹெடரை ஒப்பிட்டு, மாறாவிட்டால் தொடாமல் விடுவதும் இதற்காகத்தான். ஆனால் யூனியன் பகுதிக்கு மேலே ஒரு இன்க்ளூட் வரியைச் சேர்த்துப் பாருங்கள், ஹெடர் மாறிவிடும். ஹெடருக்குள் யூனியனுக்கு முன்னால் பைசன் ஒரு லைன் டைரக்டிவ் எழுதுகிறது, கிராமரில் அது எந்த வரியில் இருந்தது என்று. மேலே ஒரு வரி கூடினால் அந்த எண் ஒன்று கூடும். லெக்ஸர் தொடங்கி, டோக்கன்களைத் தொடும் ஃபைல் அத்தனையும் கம்பைல் ஆகும். நோ-லைன்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் இது போய்விடும். ஆனால் டிபக்கரில் கிராமர் ஃபைலின் வரிகளைக் காண முடியாது. எங்கள் டீமில் யூனியனை ஃபைலின் உச்சிக்கு நகர்த்தினோம், வரி எண் கூடவே இல்லை.

விரைவுபில்ட் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? சிகேஷ் (முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் கருவி) போட்டுவிட்டால் போகிறது. இல்லையென்றால் பேசல் என்ற பில்ட் கருவிக்கு மாறுங்கள். அது நேரத்தை வைத்து முடிவு செய்வதில்லை, உள்ளடக்கத்தின் ஹாஷ்தான்.

பழையமேக் எழுதியது:

சிகேஷ் நல்ல கருவி, நானும் போட்டிருக்கிறேன். ஹெடரில் கமெண்ட் மட்டும் மாறினால் அதன் டைரக்ட் மோடு (ஃபைல்களை அப்படியே ஹாஷ் செய்து தேடும் முறை) தவறினாலும், ப்ரீபிராசஸ் செய்த (இன்க்ளூட்களை விரித்து, கமெண்ட்டை நீக்கிய) வடிவத்தை வைத்துப் பிடித்துவிடும். ஆனால் அதற்கு ஒவ்வொரு ஃபைலையும் ப்ரீபிராசஸ் செய்தாக வேண்டும். ஆப்ஜெக்ட் ஃபைல் கேஷிலிருந்து வந்தாலும் அதன் நேரம் புதிதுதான். ஆகவே லைப்ரரிகள் மறுபடி கட்டப்படும், லிங்க் நடக்கும், பைனரி மாறியதாக நினைத்து டெஸ்டுகளும் ஓடும். நேரம் போவதில் பெரும்பங்கு லிங்க்கிலும் டெஸ்டிலும் இருக்கும் ப்ராஜெக்டில் சிகேஷ் பாதிக் கிணறுதான் தாண்ட வைக்கும்.

பேசல் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஜெனரேட்டர் அதே பைட்டுகளைக் கொடுத்தால் அடுத்த வேலைகள் தானாக நின்றுவிடும். எஸ்கான்ஸ் என்ற பில்ட் கருவியும் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கும். ஆனால் நிரல்நேசனின் ஹெடரில் இருந்த தேதி வரியும் கலைந்த செட் வரிசையும் அங்கே போனால் ஹாஷும் மாறத்தான் செய்யும். மேக்கிலேயே சரிசெய்தால் இந்த வேலை வீணாகாது, நாளை எங்கே மாறினாலும் உதவும்.

கெர்னல்வாசகி எழுதியது:

லினக்ஸ் கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்ட் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஃபைல்செக் என்ற மேக்ரோ, தொகுப்பி சொன்ன தற்காலிக ஃபைல், ஒப்பீடு, எம்வி மூன்றையும் செய்கிறது. இஃப்_சேஞ்ச்டு மேக்ரோ ஒவ்வொரு டார்கெட்டுக்கும் கடைசியாக ஓடிய கட்டளை வரியை ஒரு .சிஎம்டி ஃபைலில் சேமித்து வைத்து, கட்டளை மாறினாலும் ஓட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிக்ஸ்டெப் என்ற அதன் சின்னக் கருவி. கெர்னலின் எல்லா ஆப்ஷனும் ஆட்டோகான்ஃப்.ஹெச் என்ற ஒரே உருவாக்கப்பட்ட ஹெடரில் இருக்கின்றன. அது எல்லா ஃபைலுக்குள்ளும் கட்டாயமாக இன்க்ளூட் ஆகிறது. ஒரே ஒரு டிரைவரை ஆன் செய்தால் ஹெடர் உண்மையாகவே மாறுகிறது, ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு ஃபைலும் கம்பைல் ஆனதும் ஃபிக்ஸ்டெப் உட்கார்ந்து படிக்கிறது. அந்த சோர்ஸிலும் அதன் ஹெடர்களிலும் கான்ஃபிக்_ என்று தொடங்கும் பெயர்கள் என்னென்ன வருகின்றன என்று எடுத்து, டிபென்டன்சிப் பட்டியலில் ஆட்டோகான்ஃப்.ஹெச்-ஐ நீக்கிவிட்டு, அந்தந்த ஆப்ஷனுக்கான வெற்று ஃபைலைச் சேர்க்கிறது. இன்க்ளூட்/கான்ஃபிக் டைரக்டரியில் அந்த வெற்று ஃபைல்கள் இருக்கும். ஆப்ஷன் மாறினால் அதன் ஃபைல் மட்டும் டச் ஆகும். அதைக் குறிப்பிடும் சோர்ஸ் மட்டும் கம்பைல் ஆகும்.

நிரல்நேசன், உங்கள் யாமலில் ஒரு மெசேஜில் ஒரு ஃபீல்டு சேர்த்தால் இன்னும் எல்லாமே கம்பைல் ஆகும் அல்லவா? மெசேஜுக்கு ஒரு ஹெடர் என்று ஜெனரேட்டரைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒப்பிட்டு எழுதினால், மாறிய மெசேஜைப் பயன்படுத்தும் ஃபைல்கள் மட்டும்தான் அசையும்.

பில்டுபிரியை எழுதியது:

இழைக்கு நெருக்கமான ஒரு கேள்வி. எங்கள் வெர்ஷன்.ஹெச்-இல் கிட் டிஸ்கிரைப் கொடுக்கும் சரம் (எந்தக் கமிட் என்று சொல்வது) இருக்கிறது. கமிட் செய்யும்போதெல்லாம் அது மாற வேண்டும். .கிட்/ஹெட்-ஐ டிபென்டன்சியாக வைத்தேன், மாறுவதில்லை. பிறகு வெர்ஷன்.ஹெச்-ஐ .ஃபோனி (உண்மையான ஃபைல் அல்ல என்று மேக்குக்குச் சொல்லும் அறிவிப்பு) ஆக்கினேன், இப்போது ஒவ்வொரு பில்டும் முழு பில்ட்.

பழையமேக் எழுதியது:

ஹெட் ஃபைலில் பொதுவாக பிராஞ்சின் பெயர் மட்டும்தான் இருக்கும். கமிட் செய்தால் மாறுவது அந்த பிராஞ்சின் ரெஃப். அதோடு டர்ட்டி (கமிட் செய்யாத மாற்றம் உண்டு) என்ற பின்னொட்டும் கேட்டால் வேலைசெய்யும் ஃபைல்கள் அத்தனையும் டிபென்டன்சி. அதை எந்த ஃபைலின் நேரத்திலும் பிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் .ஃபோனி வேண்டாம். ஃபோனி டார்கெட்டை மேக் எப்போதும் மாறியதாகவே எடுத்துக்கொள்ளும், டிஸ்கைப் பார்க்காது. ஃபோர்ஸ் என்ற பெயரில் ஒரு வெற்று டார்கெட் வைத்து, வெர்ஷன்.ஹெச்-ஐ அதை நம்பச் சொல்லுங்கள். ரெசிப்பி ஒவ்வொரு முறையும் ஓடும், ஒப்பிட்டு எழுதும், மேக் உண்மையான நேரத்தைப் படிக்கும்.

அதைவிட முக்கியம், அந்தச் சரத்தை ஹெடரில் வைக்காதீர்கள். ஹெடரில் எக்ஸ்டெர்ன் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும், சரம் ஒரு வெர்ஷன்.சி ஃபைலில் உருவாகட்டும். கமிட்டுக்குக் கமிட் ஒரு ஃபைல் கம்பைல், ஒரு லிங்க், அவ்வளவுதான்.

நிரல்நேசன் எழுதியது:

மெசேஜுக்கு ஒரு ஹெடர் என்று பிரித்துவிட்டேன். ஃபீல்டு சேர்த்தால் அதைத் தொடும் சில ஃபைல்கள் மட்டும் கம்பைல் ஆகின்றன. டீமில் ஒருவர் யாமல் முழுவதற்கும் கமெண்ட் எழுதத் தொடங்கிவிட்டார், எல்லோருக்கும் நன்றி.

இரண்டு சந்தேகம். ஒன்று, கமெண்ட் மாற்றிவிட்டு மேக் -என் கொடுத்தால் இன்னும் எல்லாவற்றையும் கம்பைல் செய்யப்போவதாகப் பட்டியலிடுகிறது. இரண்டு, யாமலிலிருந்து ஒரு மெசேஜை நீக்கினேன். அதன் பழைய ஹெடர் டிஸ்கிலேயே கிடக்கிறது. அதை இன்க்ளூட் செய்த ஒரு ஃபைல் என்னிடம் கம்பைல் ஆனது, சிஐ-யில் உடைந்தது. கையால் அழித்தால் "இதை உருவாக்க விதி இல்லை" என்று மேக் நின்றுவிடுகிறது.

தொகுப்பி எழுதியது:

மேக் -என் எதையும் ஓட்டுவதில்லை. ஓட்டிப் பார்த்தால்தானே ஹெடர் மாறியதா இல்லையா என்று தெரியும். ஓட்டாதபோது மாறும் என்றே வைத்துக்கொள்கிறது. காரணம் தெரிய வேண்டுமென்றால் நிஜமாக ஓட்டி, --ட்ரேஸ் கொடுங்கள். குனூ மேக் 4.0-லிருந்து இருக்கிறது. எந்த டார்கெட் எதனால் ஓடியது என்று சொல்லும். நிஞ்சாவில் -டி எக்ஸ்பிளெய்ன்.

இரண்டாவதற்கு: ஜெனரேட்டர் தான் எழுதிய ஃபைல்களின் பெயர்களை ஒரு பட்டியலில் சேமிக்கட்டும். அடுத்த முறை ஓடும்போது பழைய பட்டியலில் இருந்து புதியதில் இல்லாதவற்றை அதுவே அழிக்கட்டும். டைரக்டரியை மொத்தமாகத் துடைத்துவிட்டு எழுதினால் எல்லா நேரமும் புதிதாகி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மேக் நிற்பதற்குக் காரணம் கம்பைலர் எழுதிய .டி ஃபைல்கள் (எந்த ஆப்ஜெக்ட் எந்த ஹெடர்களை நம்புகிறது என்ற பட்டியல்கள்). அவற்றில் அழிந்த ஹெடரின் பெயர் இன்னும் இருக்கிறது. கம்பைலருக்கு -எம்எம்டி-யோடு (.டி ஃபைல் எழுதச் சொல்லும் ஆப்ஷன்) -எம்பி-யும் கொடுங்கள். ஒவ்வொரு ஹெடருக்கும் ஒரு வெற்று விதியையும் கம்பைலர் எழுதிவிடும். ஹெடர் போய்விட்டால் மேக் திகைக்காமல் அந்த சோர்ஸை மறுபடி கம்பைல் செய்யும், அதில் இன்க்ளூட் இன்னும் இருந்தால் பிழை உங்கள் மெஷினிலேயே வரும். முதல் பில்டில் .டி ஃபைல்கள் இருக்காது என்பதால், ஆப்ஜெக்ட்கள் எல்லாம் ஸ்டாம்பை ஆர்டர்-ஒன்லியாக நம்பட்டும், அதாவது செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம். ஹெடர் முதலில் உருவாகும், ஆனால் ஸ்டாம்ப் டச் ஆனதற்காக எதுவும் கம்பைல் ஆகாது.